நெல் மூடைக்குப் பின்னால் ஒரு கதைப்புத்தகம்

வட்டக்கச்சி,
21.09.2025.

அன்பு மகன் சுகிர்தனுக்கு அம்மா எழுதுவது.

புளியம்பொக்கணை நாகதம்பிரான் காவலில் இங்கே நாங்கள் மூன்று பேரும், மாட்டையும் சேர்த்தால் நாலு பேரும், சுகமாக இருக்கிறோம், அதே சுகம் உனக்கும் அந்த ஊரில் குறைவில்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றுகிற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சிறுபோகம் வெட்டி முடிந்துவிட்டது, குளத்துத் தண்ணீர் கடைசி வரை கைவிடவில்லை, விளைச்சல் ஆகா என்று சொல்ல இல்லை, அழவும் இல்லை. அப்பாவின் முழங்கால் நோவுக்கு டொக்டர் ஒவ்வொரு நாளும் நடக்கச் சொன்னார், உன் அப்பா மோட்டார் சைக்கிளில் குளக்கட்டு வரை போய், நடக்கிற ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறார். செல்வநாயகம் அண்ணையின் மகள் லீவு முடிந்து அடுத்த கிழமை பாரிசுக்குத் திரும்புகிறாள், அவளிடம் மிளகாய்த் தூளும் ஒடியல் மாவும் கொஞ்சம் எள்ளுப்பாகும் கொடுத்து விடுகிறேன், லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் எல்லாம் கிடைக்கும் அம்மா என்று தொடங்காதே, கடைத் தூளில் இருப்பது நிறம் மட்டும்தான். இந்தக் கடிதமும் தூள் பொதிக்குள்தான் வரும், வாசிக்கும்போது தும்மல் வந்தால் அம்மா நினைக்கிறா என்று எடுத்துக்கொள்.

சனிக்கிழமை நீ போனில் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். கதைப்புத்தகத்தை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுற வீடு உலகத்திலேயே எங்கட வீடு ஒண்டுதான் அம்மா எண்டாய். நான் ஒன்றும் பேசாமல் இருந்ததால் அம்மாவிடம் பதில் இல்லை என்று நினைத்திருப்பாய். பதில் இருந்தது தம்பி, தொண்டை வரை இருந்தது. ஆனால் உன் தங்கச்சி லக்சிகா என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு, அண்ணா எனக்காகச் சண்டை பிடிக்கிறார் என்று முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றாள். வாட்சப்பில் குரல் அனுப்பலாம் என்றால் எனக்கு முதல் அவள்தான் கேட்பாள், அந்தப் போனைத் திறக்கிற விரல் கோலம் என்னை விட அவளுக்குத்தான் நன்றாக வரும். அதனால்தான் இந்தக் காலத்தில் பேனை பிடித்திருக்கிறேன். அவள் ரியூசனுக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதவேண்டும். அம்மா புத்தகத்துக்கு எதிரி இல்லை, அதை முதலில் நீ விளங்கிக்கொள்.

முதல் இரண்டு புத்தகங்களும் பங்குனியில் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உனக்குத் தெரியும். பாரிசுக்குப் போன புதிதில் பிரெஞ்சு வகுப்பில் ஒரு சொல்லும் விளங்காமல் இருந்த நீ, வகுப்பு ரீச்சர் இரவல் தந்த ஒரு சிறுவர் கதையை வாசித்து வாசித்துத்தான் பாஷையைப் பிடித்தாய் என்று சொல்வாயே, அதே கதை தமிழில் வந்திருக்கு, தங்கச்சி வாசிக்கட்டும் என்று உன் சிநேகிதன் ஜனார்த்தனன் சென்னைக்குப் போன நேரம் சொல்லி வாங்குவித்தாய். நீலச்சுனைக் கதைகள், ஐந்து பாகம். அப்பா மட்டையைப் பார்த்துவிட்டு, நாகதம்பிரானுக்கு எப்பயடி செட்டை முளைச்சது எண்டு கேட்டார். அது டிராகன் அப்பா, நெருப்புத் துப்பும் எண்டு லக்சி விளக்கம் கொடுத்தாள். எது துப்பினாலும் பாம்பு பாம்புதான், நிலத்தில் போட்டுக் கால் படுகிற மாதிரிப் படுத்து வாசிக்கக் கூடாது என்று அவர் சட்டம் போட்டார், பிள்ளை பாவம், இரண்டு புத்தகத்தையும் கதிரையில் முதுகு நிமிர்ந்து இருந்து வாசித்து முடித்தாள். பக்கத்து வளவு மீனம்மா முட்டை கொண்டு வந்தவள், மட்டையில் கிழவி பிடித்திருக்கிற மண்டையோட்டுத் தடியைப் பார்த்துவிட்டு, அக்கா, சூனியக்காரி கதையெல்லாம் பெரிய மனுசியான புள்ள படிச்சா காத்துக் கறுப்பு அண்டும்னு எங்கம்மா சொல்லும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குக் காற்றுக் கறுப்பில் பெரிய பயம் இல்லை, நாங்கள் கடந்து வந்ததைச் சொன்னால் பேய்தான் எங்களுக்குப் பயந்து ஓடும். ஆனால் பதின்மூன்று வயது, உடம்பு ஒரு பக்கம் மனம் ஒரு பக்கம் இழுக்கிற வயது, வெளிநாட்டுக்காரர் எழுதியது, உள்ளே என்ன இருக்குமோ என்று யோசனை வந்தது. தெரியாமல் மறுப்பதும் பிழை, தெரியாமல் கொடுப்பதும் பிழை என்று நானே முதலில் வாசிக்கத் தொடங்கினேன்.

சிரிக்காதே. முதல் அத்தியாயம் முழுக்கப் பெயர்களோடு மல்லுக்கட்டினேன், தோர்வென் என்பது ஊரோ ஆளோ என்று தெரியாமல் லக்சியிடமே கேட்டேன், அது மலை அம்மா எண்டாள். பிறகு கதை என்னைப் பிடித்துக்கொண்டது. நெரின் என்கிற அந்தப் பெட்டை பனியாற்றைக் கடக்கிறாளா இல்லையா என்று பார்க்கப் போய்க் குசினியில் பருப்பு அடிப்பிடித்தது, அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, இது டிராகன் ஊதின பருப்போ எண்டு கேட்டார். இரண்டாவது புத்தகத்தில் ஒரு பெடியன் நெரினின் கையைப் பிடிக்கிறான். பள்ளத்தில் விழாமல் இருக்கத்தான் பிடிக்கிறான், ஆனால் பள்ளம் தாண்டிய பிறகும் விடவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்துப் பார்த்து, சரி போகட்டும் என்று விட்டேன். அவள் வளர்த்த ஓநாய்க்குட்டி சாகிற இடத்தில் லக்சி சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள், நானும் உள்ளுக்குள் அழுதேன், அதுவும் நல்லதுக்குத்தான் என்று பட்டது. ஒரு குட்டிக்காக அழத் தெரிந்த பிள்ளை கெட்டுப் போகாது. ஆகையால் இரண்டு புத்தகத்துக்கும் நான் ஓம் சொன்னவள்தான், அதை நீ கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாவதும் நாலாவதும் ஆடி கடைசியில் தபாலில் வந்தன. நாங்கள் இரண்டு பேரும் வெட்டு மெசினோடு வயலில் நின்றோம், லக்சி பொதியைத் தானே உடைத்து, மூன்றாவதை அடுத்த நாள் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னேரம் பிரஷாந்தினி ரீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினா. உட்காரவும் இல்லை, தேத்தண்ணீர் குடிக்கவும் இல்லை, பேப்பரில் சுற்றிய பொதியை என் கையில் வைத்து, அன்ரி, கதை என்ன எண்டு எனக்குத் தெரியாது, மட்டையில பேரைப் பாத்த உடன நெஞ்சு பக்கெண்டுது, பிள்ளைக்கு நான் ஏசேல்ல, ஆனா உந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பக்கம் விடாதேங்கோ எண்டு சொல்லிவிட்டுப் போனா. பிரித்துப் பார்த்தேன். மாவீரர் மலை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நீ பிரெஞ்சில் வாசித்தவன், தமிழில் என்ன பெயர் வைத்தார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும். சென்னையில் இருந்து மொழிபெயர்த்தவருக்கும் அது வெறும் சொல், பெரிய வீரர் என்று ஒரு அர்த்தம், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எங்களுக்கு அது வெறும் சொல்லா தம்பி. சண்டைக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளைகளுக்கு இந்த மண்ணில் வைத்த பெயர் அது. அந்தச் சொல்லைக் கேட்டு அழுகிற தாய்மாரும் இருக்கிறார்கள், அந்தச் சொல்லைக் கேட்டால் படலையைச் சாத்துகிற வீடுகளும் இருக்கின்றன, ஒரே வீட்டில் இரண்டும் நடக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, யோசிக்கவே இல்லை, அந்தப் பொதியைக் கொண்டு போய்ச் சாமான் அறையில் நெல் மூடைகளுக்குப் பின்னால் செருகி, மேலே ஒரு வெறும் சாக்கை இழுத்து விட்டேன். அப்பா வந்து விசயத்தைக் கேட்டுவிட்டுச் சிரி சிரி என்று சிரித்தார். செட்டை முளைச்ச பாம்பை விசாரணைக்குக் கூப்பிடப் போறாங்களோ எண்டார். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த மூலையைப் பார்த்தோம். வீடு புதிது, ஆனால் அத்திவாரம் பழையது, மூடை அடுக்குகிற மூலை பழைய வீட்டிலும் அதுதான். நான் சொல்லாமலே உனக்கு விளங்கும், உன் சுபோதினிச் சின்னம்மாவை நாங்கள் ஒளித்து வைத்திருந்த மூலை. அப்பா அதன் பிறகு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் புத்தகத்தை வெளியில் எடுத்து வாசித்தேன். பெயர் மட்டும்தான் பிரச்சினை என்றால் மட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாலாம் அத்தியாயத்தில் மலைக் கோட்டையில் இருந்து குதிரைகளில் ஆட்கள் வந்து முரசு அடிக்கிறார்கள், வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று அறிவிக்கிறார்கள். அப்படியே எழுதியிருக்கிறது தம்பி, வீட்டுக்கு ஒருவர். நெரினின் தாய் மூத்த மகனை மாக்கிடங்குக்குள் ஒளித்து வைக்கிறாள், நெரின் அண்ணனுக்குப் பதிலாகத் தான் வருகிறேன் என்று முன்னால் போய் நிற்கிறாள், ஊரே கைதட்டுகிறது, டிராகன் தலை வணங்குகிறது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். சுபோவுக்கு அப்போது இருபது வயது. இயக்கத்து ஆட்கள் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்து வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டபோது கொடுக்க இரண்டு பேர்தான் இருந்தார்கள், அப்பாவும் அவளும். அவளை மூடைகளுக்குப் பின்னால் ஒளித்தோம், ஆள் இல்லை, யாழ்ப்பாணத்தில் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஒரு நாள் வந்தவர்கள் அப்பாவைக் கையில் பிடித்துப் படலை வரை கொண்டு போக, மூடைக்குப் பின்னால் இருந்து அவள் தானாக எழும்பி வந்தாள், தலைமயிரில் உமி ஒட்டியிருந்தது, அத்தானை விடுங்கோ, நான் வாறன் எண்டாள். ஒருவரும் கைதட்டவில்லை. நீ கிணற்றடியில் வாளியோடு நின்றாய், உனக்கு ஒன்பது வயது.

அவள் திரும்பி வந்ததே பெரிய புண்ணியம். எல்லாம் முடிந்து, முகாமும் முடிந்து, புனர்வாழ்வு என்று தடுத்து வைத்திருந்ததும் முடிந்து வந்தபோது இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. லக்சி பிறந்த பிறகு நாங்கள் எல்லோருமாகப் பேசி எடுத்த முடிவு உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னம்மாவுக்குச் செல் குண்டுத் துண்டு பட்டது என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்வோம், மற்றதை விடுவோம் என்றோம், நீயும் ஓம் என்றாய். அது பொய் இல்லை, செல்தான் பட்டது. இவ்வளவு வருடம் அது போதுமாக இருந்தது. இப்போது என்ன நடந்தது என்று கேள். ரீச்சர் புத்தகத்தை எடுப்பதற்கு முதல் லக்சி இடைவேளையில் நெரின் முன்னால் போய் நிற்கிற இடம் வரை வாசித்துவிட்டாள். அந்த ஞாயிறு அவளுக்குச் சட்டை அளவு கொடுக்க விசுவமடுவுக்கு, சுபோவின் தையல் கடைக்குப் போனோம். அவள் வாயில் குண்டூசிகளோடு அளவு எடுக்கிறாள், இவள் நின்ற நிலையில் கதை முழுவதையும் சொல்கிறாள். சொல்லி முடித்துவிட்டு, நான் நெரின் எண்டா நானும் போயிருப்பன் சின்னம்மா, நீங்கள் எண்டா போயிருப்பீங்களோ எண்டு கேட்டாள். கண் இரண்டும் மினுங்கியது. சுபோ ஊசியை வாயில் இருந்து எடுக்காமல், கையைத் தூக்கு, கமக்கட்டு அளவு எடுக்கவேணும் எண்டாள்.

அதுதான் தம்பி நான் பயந்தது. சூனியக்காரிக்கு இல்லை, கை பிடித்த பெடியனுக்கு இல்லை. என் பிள்ளையின் கண் அப்படி மினுங்கியதுக்குத்தான். எங்கேயோ ஒரு நாட்டில் சோபாவில் படுத்து வாசிக்கிற பிள்ளைக்கு வீட்டுக்கு ஒருவர் என்பது ஒரு விளையாட்டு, வாசித்துவிட்டுப் படுக்கும், விடிந்தால் மறக்கும். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். இவளும் அப்படித்தானே வாசிக்கிறாள், இவளுக்கும் ஒன்றும் தெரியாதே, தெரியாமல் இருக்கவேண்டும் என்றுதானே நாங்கள் இவ்வளவு பாடுபட்டோம், பிறகு ஏன் எனக்கு இப்படி வயிறு எரிகிறது என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தைக் கொடுத்தால் போவது பெரிய வீரம் என்று படித்துக்கொள்வாள். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பாள். சோதினை முடியட்டும் என்று சொல்லி நாலாவதை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன், அதைத்தான் அவள் உனக்குக் கோள் மூட்டினாள். மூன்றாவது வீட்டில் இல்லை. அன்றைக்கு நாங்கள் பஸ் ஏறப் போகும்போது சுபோ என் காதுக்குள், அந்தப் புத்தகத்தை எனக்குக் கொண்டந்து தா அக்கா எண்டாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. அடுத்த கிழமை கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டு போய்க் கொடுத்தேன். அன்றையில் இருந்து அவளிடம் இருந்து ஒரு கதையும் இல்லை. போன் எடுத்தால், தைக்கிறன் அக்கா, பிறகு கதைக்கிறன் எண்டு வைக்கிறாள். பழைய காயத்தை நான்தான் கிளறிக் கொடுத்துவிட்டேனோ என்று நித்திரை இல்லை. நீ ஐந்து பாகமும் வாசித்தவன். இரண்டு பேரையும் தெரிந்தவன். லக்சிக்கு இதைக் கொடுக்கலாமா கூடாதா, நீ ஆற அமர யோசித்து எழுது, கோபத்தை விட்டுவிட்டு எழுது. லக்சியின் சைக்கிள் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை. கடிதத்தை மா வாளிக்குள் வைத்துவிட்டு எடுக்கவில்லை, நல்லதாகப் போயிற்று. நீ யோசிக்கத் தேவையில்லை, முடிவு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. புதன்கிழமை பின்னேரம் சுபோ தைத்த சட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கால் கழுவினாள், தண்ணீர் குடித்தாள், பைக்குள் இருந்து புத்தகத்தை எடுத்து லக்சிக்கு முன்னால் மேசையில் வைத்தாள். பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரிப் பிறவுன் பேப்பரில் உறை போட்டு, லேபல் ஒட்டி, நெரின், மூன்றாம் பாகம் என்று தன் அழகான எழுத்தில் எழுதியிருந்தாள். லக்சி வாயைத் திறப்பதற்குள் என்னைத் திரும்பிப் பார்த்து, அக்கா, நாலாவது எங்க எண்டு கேட்டாள். நாலாவது எங்க எண்டு கேக்கிறன், ஒரு பெட்டையை மலையில விட்டுப்போட்டுப் புத்தகம் முடிஞ்சுது, எனக்குத் தையல் ஓடேல்ல எண்டாள். அலுமாரித் திறப்பு என் இடுப்பில்தான் இருந்தது, கை போகவில்லை.

அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், சுபோ, உனக்கு ஒண்டும் செய்யேல்லையோ எண்டு கேட்டேன். அவள் சொன்னாள், அக்கா, உதில சண்டை வாற பக்கமெல்லாம் சும்மா, ஒருத்தருக்கும் பசிக்கேல்ல, ஒருத்தருக்கும் சிரங்கு இல்ல, ஒருத்தரும் வீட்டை நினைச்சு அழேல்ல. ஆனா அந்தத் தாய் மகனைக் கிடங்குக்குள்ள விட்டுப்போட்டு, தான் வெளியில நிக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியவேணும் எண்டு பாட்டுப் பாடிக்கொண்டு மா இடிக்கிறாளே, அது மெய். நீயும் ஒரே சட்டியைத்தானே மினுக்கு மினுக்கெண்டு மினுக்கிக்கொண்டு நிண்டனீ, எனக்குச் சத்தம் கேக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி. அவளுக்கு அது கேட்டது என்று இவ்வளவு வருடமும் எனக்குத் தெரியாது. பிள்ளைக்குக் குடுக்கலாமோ எண்டு மட்டும் சொல்லு எண்டேன். குடு, ஆனா தனிய வாசிக்க விடாத, சண்டையை எல்லாரும் எழுதுவினம் அக்கா, வீட்டை திரும்பி வந்தவளை ஊர் என்னெண்டு பாத்தது எண்டு உதில எழுதியிருக்கோ எண்டு எனக்குப் பாக்கவேணும் எண்டாள். அவள் வந்த முதல் வருடம் எத்தனை பேர் எங்கள் படலைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போனார்கள் என்பதும், பேசி வந்த இரண்டு கலியாணம் ஏன் குழம்பியது என்பதும் உனக்குத் தெரியும்.

பிறகு அவள் போய் லக்சிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து தானே சொன்னாள். நீண்ட கதையாகச் சொல்லவில்லை. நீ அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டனீ, ஓம், நான் போனனான், உங்கட அப்பாவைக் கொண்டு போகாமல் இருக்கப் போனனான், போகும்போது எனக்குக் கால் நடுங்கினது, ஒரு டிராகனும் தலை வணங்கேல்ல எண்டாள். லக்சி புத்தகத்தின் மேல் இருந்த கையை எடுத்துவிட்டாள். அப்பா வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போடுகிற சாட்டில் நின்றவர், உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. சுபோ அவள் பக்கம் குனிந்து, அத்தான் போயிருந்தா நீ எங்கயடி, எனக்கு ஆர் இப்ப சட்டை தைக்கத் தருவினம் எண்டு அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நான் பயந்த கேள்வி ஒன்றையும் லக்சி கேட்கவில்லை. துவக்கைப் பற்றிக் கேட்கவில்லை, ஆர் செத்தது என்று கேட்கவில்லை. மூடைக்குப் பின்னால இருக்கேக்க நாள் முழுக்க என்ன செய்தனீங்கள் சின்னம்மா எண்டு மட்டும் கேட்டாள்.

சுபோ சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் தொடர்ந்து எழுதுகிறேன். வாசிச்சனான் எண்டாள். உங்கட அண்ணா கொண்டு வந்து தருவான், கடையில சீனி சுத்தின பேப்பர், பருப்புச் சுத்தின பேப்பர், வெத்திலை சுத்தின பேப்பரைக் கூட விடமாட்டான், கையால நீவி நீவி நிமித்தி, மூடைக்கு மேலால போடுவான். அதுக்குள்ள ஒரு பழைய தொடர்கதை துண்டு துண்டா வந்தது, கப்பலில போற ஒரு பெட்டையின்ர கதை, புயல் அடிச்சுக் கப்பல் உடையிற இடத்தோட நான் எழும்பிப் போயிட்டன், அவள் கரை சேந்தாளோ இல்லையோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. இதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் உன் ஒன்பது வயதுக் கை கண்ணுக்குள் நின்றது. அந்த நாட்களில் நீ கடைக்குப் போய் வந்தால் சாமானைச் சட்டிக்குள் கொட்டிவிட்டுப் பேப்பரோடு ஓடுவாய், ஏதோ விளையாட்டுக்கு என்று ஏசியிருக்கிறேன். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. புத்தகத்தைப் பூட்டி வைக்கிற வீடு என்று நீ சொன்னாய், எங்கள் வீட்டில் பூட்டுக்குள் இருந்தவளுக்கே கதை கொண்டு போய்க் கொடுத்தவன் நீதான் அப்பன், அதை உனக்கு எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

திறப்பை இடுப்பில் இருந்து எடுத்து லக்சியிடமே கொடுத்துவிட்டேன். நாலாவதை இப்போது சுபோ சத்தமாக வாசிக்கிறாள், லக்சி அவளுடைய சரியில்லாத கைக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு கேட்கிறாள், இடைக்கிடை புத்தகத்தை மடித்துவிட்டு இரண்டு பேரும் வேறு கதை கதைக்கிறார்கள், அது என்ன கதை என்று நான் கேட்கப் போவதில்லை. நானும் போயிருப்பன் என்று லக்சி இப்போது சொல்வதில்லை. நெரினின் தாய் பாவம் எண்டு நேற்றுச் சொன்னாள். சின்னம்மாவை இந்தக் கிழமை எங்களோடு நிற்கச் சொல்லியிருக்கிறேன், தையல் மெசினைத்தான் பஸ்ஸில் கொண்டு வர முடியாது, மற்றதெல்லாம் கொண்டு வந்துவிட்டாள். அப்பாவின் மண்வெட்டிக்கு இன்னும் பிடி போட்டு முடியவில்லை.

இப்போது பிரச்சினை ஐந்தாவது. ஜனார்த்தனனிடம் லக்சி கேட்டு அனுப்பினாள், கடைசிப் பாகம் தமிழில் இன்னும் வரவில்லையாம், வருமோ என்றும் தெரியாதாம். சுபோ கேட்டுவிட்டு, எனக்கு உதுதானே வழக்கம் எண்டு மட்டும் சொல்லி மெசினில் விட்டுவிட்டு வந்த துணியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டாள். அது எனக்குச் சரிவராது தம்பி. அவளுக்கு இரண்டாவது தரமும் கதை நடுவில் நிற்க நான் விடமாட்டேன். உன்னிடம் பிரெஞ்சில் அந்தப் புத்தகம் இருக்கிறது. வேலை முடிந்து வந்தால் களைப்பு என்று தெரியும், இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது தமிழில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பு. பெரிய தமிழ் தேவையில்லை, எங்களுக்கு விளங்குகிற மாதிரி எழுது. அந்த மலைக்கு என்ன பெயர் போடுவது என்று உன்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள், எந்தச் சொல்லை எழுதவேண்டும், எதை எழுதாமல் விடவேண்டும் என்று உனக்குத் தெரியும். நெரின் வீட்டுக்குத் திரும்பி வருகிறாளா என்று இப்போதே போனில் சொல்லிவிடாதே. வராவிட்டாலும் மாற்றி எழுதாதே, சுபோ கண்டுபிடித்துவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிர் தொடங்குவதற்குள் நல்ல சப்பாத்து ஒன்று வாங்கு, செல்வநாயகம் அண்ணையின் மகள் போன் எடுத்தால் அன்றைக்கே போய்ப் பொதியை எடுத்துவிடு, எள்ளுப்பாகு பழுதாகும். அப்பாவும் சின்னம்மாவும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள், தங்கச்சி தனியாக ஒரு பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறாள், நான் வாசிக்கவில்லை. நாகதம்பிரான் உன் காலடியில் ஒரு முள்ளும் தைக்காமல் காக்கட்டும், நல்ல மனம் உள்ள பிள்ளைக்கு நல்லதே வரட்டும் என்று தலையில் கை வைத்துச் சொல்கிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
தி. சிவனேஸ்வரி

கடிதம் கிடைத்த கிழமையே, ஞாயிறு விடிவதற்குள், முதல் பக்கத்தை அனுப்பு. கேட்பதற்கு மூன்று பேர் இருக்கிறோம், மண்வெட்டியோடு நிற்கிறவரையும் சேர்த்தால் நாலு.